சீனத்தில் பதினேழு மார்க்

1962-ஆம் வருஷக் கடைசியில், சீன யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்களில், செஞ்சிக் கோட்டைக்குள் ஒரு பாறை மேல் உட்கார்ந்து சீன எழுத்து எழுதிப் பழகிய ஒரே அறிவாளி நான்தான்.

அப்போது நாங்கள் சிங்கப்பூரில் குடியிருந்தோம். நைனாவுக்கு அங்கே குமாஸ்தா வேலை. பள்ளிச் சான்றிதழ்ப் பரீட்சைக்கு இரண்டாம் மொழி ஒன்று எடுத்தாக வேண்டும். தமிழ் வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து சீன வகுப்புக்குள் ஓடிப் புகுந்தேன். அங்கே பிரம்பு இல்லை, எழுத்துகளே அடித்தன. நைனாவிடம் மட்டும், "சீனத்துல நான்தான் ஃபர்ஸ்ட்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

அக்கா கல்யாணத்துக்காகச் சொந்த ஊரான செஞ்சிக்கு வந்தோம். லீவு கொடுத்த டீச்சர், பாடத்தைப் பார்த்து எழுதி வரச்சொல்லி ஒரு நோட்டையும் கொடுத்தனுப்பியிருந்தார். நைனா பத்திரிகை வைக்கப் போன கடைகளிலெல்லாம், "எம் பையன் சீனாக்கார பாஷையில புலி" என்று அளந்துவிட்டிருக்கிறார். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, அந்தப் புலி நோட்டும் கையுமாகப் பாறை மேல் இருந்ததை யாரோ பார்த்துப் போலீசில் சொல்லிவிட்டார்கள்.

ஏட்டு வந்து என்னையும் நைனாவையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். கடைவீதியே எழுந்து நின்று பார்த்தது.

"சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்டா" என்று முணுமுணுத்தார் நைனா.

இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இது இன்னாடா?"

பார்த்து எழுதியதுதான். அர்த்தம் யாருக்குத் தெரியும்?

"தெரியலீங்க ஐயா."

"எழுதின உனக்கே தெரியாதா? அப்ப யாரு எழுதச் சொன்னது?"

"எனக்குச் சீனம் சரியா வராதுங்க ஐயா..."

நைனா பதறிக் குறுக்கே பாய்ந்தார். "பயத்துல உளர்றாங்க ஐயா. அவன் கிளாசுலயே ஃபர்ஸ்ட்!"

இன்ஸ்பெக்டர் முகம் இறுகிவிட்டது. "ஏட்டு, கடலூர் ஜில்லா ஆபீசுக்கு போன் போடுய்யா. ரெண்டு பேரையும் அங்க அனுப்பிடலாம்."

"பெட்டிக்கு அடியில, காகிதத்துக்குக் கீழ மார்க் அட்டை இருக்குதுங்க ஐயா" என்றேன், நைனாவைப் பார்க்காமல்.

அதை எடுத்துவர ஒரு போலீஸ்காரர் வீட்டுக்குச் சைக்கிளில் போனார். அவர் திரும்பி வரும் வரைக்கும், நான் வாங்கிய மார்க் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டு நின்றேன். அப்படி வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

இன்ஸ்பெக்டர் சத்தமாகப் படித்தார். சீனம், நூற்றுக்குப் பதினேழு.

"யோவ், இந்த மார்க் எடுக்கிறவன சீனாக்காரனே வேணாம்னுடுவான்யா!"

ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரிக்கப் போனேன். அதற்குள் இன்ஸ்பெக்டரின் விரல் அட்டையின் அடியில், தகப்பனார் கையெழுத்தில் போய் நின்றது. நைனாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமா, இதுல நீதான கையெழுத்து போட்டிருக்கிற? அப்புறம் எப்படிய்யா ஃபர்ஸ்ட்டுன்னு சொன்ன?"

அந்தக் கையெழுத்தைப் போட்டது நான். தன்னுடையது இல்லை என்று நைனா ஒரு வார்த்தை சொன்னால், அட்டையே கள்ள அட்டையாகிவிடும், மறுபடி கடலூர்தான். நைனா அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

"பெத்தவன் வெளியில வேற எப்படிங்க ஐயா சொல்லுவான்?"

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடி மேஜைக்குள் போட்டார். பிறகு, "போய் கல்யாணத்த நடத்துய்யா. நோட்டு மட்டும் இங்கயே இருக்கட்டும்" என்றார்.

முதுகைத் தயாராக வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். அடி விழவில்லை. கடைவீதி முனையில் நைனா நின்றார்.

"என் கையெழுத்துல கடைசி கோடு மேல போவும்டா. நீ கீழ இழுத்துட்ட."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். அக்கா கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சிங்கப்பூர் திரும்பி வாங்கிய அடுத்த அட்டையில் இருபத்திரண்டு. நானே நைனாவிடம் நீட்டினேன். கடைசிக் கோடு மேலே போனது.

அதற்குப் பிறகும் நான் எத்தனையோ புளுகியிருக்கிறேன். ஆனால் என்னை நம்பி நாலு பேரிடம் பெருமை பேசுகிறவரிடம் பொய் சொல்ல மட்டும் இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.