சிவப்பு மூடி போட்ட பிரேக்

இன்று என் பழைய காருக்கு ஆயில் மாற்றத் தேனி ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். ஓனர் கூடலூர்க்காரர், தினமும் குமுளி மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போய்வருபவர்.

"பிரேக்க அப்கிரேட் பண்ணணும்ப்பா" என்று மெக்கானிக்கிடம் ஒரு பெட்டியை நீட்டினார்.

உள்ளே நான்கு சிவப்பு பிளாஸ்டிக் மூடிகள். பிரேக்கின் மேல் ஒட்டிவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பந்தயக் கார் பிரேக் மாதிரித் தெரியுமாம்.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றியதும் முகம் சுளித்தார்.

"அண்ணே, பிரேக் பேடு முழுசாத் தேஞ்சு, பின்னாடி இருக்க இரும்புத் தகடு டிஸ்க்குல உரசுது. மொதல்ல அத மாத்திருவோம். இதோட மலை எறங்காதீக."

"பேடு உள்ளாற கெடக்கு. அத எவன் குனிஞ்சு பாக்கப் போறான்? நீ செவப்ப ஒட்டு."

மெக்கானிக் ரெண்டு தடவை கெஞ்சிப் பார்த்துவிட்டு ஒட்டினார்.

அண்ணன் சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கிக்கொண்டு கிளம்பினார். வாசலில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். இரும்பை இரும்பால் அறுக்கிற சத்தம். வண்டி நிற்கும் என்று நம்பாமல் துள்ளி ஓடியதால் ஆடு பிழைத்தது.

அண்ணன் கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"கேட்டீகளா? ரேஸ் காரு சவுண்டு!"

நானும் தினமும் அதே மலையில்தான் இறங்குகிறேன். அவர் எத்தனை மணிக்கு இறங்குவார் என்று தெரிந்த கூடலூர் சொந்தங்கள் கமெண்டில் சொல்லுங்கள். அந்தச் சிவப்பை அவ்வளவு பக்கத்தில் பார்த்து ரசிக்க எனக்கு ஆசையில்லை.