மாட்டுப்பட்டிக்குப் பக்கத்துக் கிணறு

இங்கே காலையில் கதவைத் திறந்தால் முதலில் உள்ளே வருவது சாணி நாற்றம். சாணிக்கு நடுவே பிறந்து வளர்ந்த எனக்கே குமட்டுகிறது என்றால் ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். சின்னமனூரில் எங்கள் தொழுவத்தில் இரண்டு காளை, ஒரு பசு. சாணி விழுந்த சூடு ஆறுமுன் அள்ளிக்கொண்டு போக ஆள் நிற்கும். டெக்சாஸில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான மாடுகள், புல் முளைக்காத பட்டியில் நின்றபடியே மக்காச்சோளம் தின்கின்றன. அந்தச் சோளத்துக்காக நிலத்தடி நீரை ஓயாமல் உறிஞ்சுகிறார்கள். கொழுத்ததும் லாரி வரும். சாணி மட்டும் இங்கேயே குவிந்து, மழையில் கரைந்து, மண்ணுக்குள் இறங்குகிறது. நான் வேலை பார்ப்பது பம்பு கம்பெனியில். உறிஞ்சும் மோட்டார்களில் பாதி எங்கள் சரக்குதான், யாரைக் குறை சொல்ல?

போன மாதம் எங்கள் கைக்குழந்தைக்கு உதடு நீலம் பூத்தது. எந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைக்கிறீர்கள் என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். பட்டிக்குப் பக்கத்துக் கிணறு என்றேன். சாணியிலிருந்து இறங்கும் நைட்ரேட் என்ற உப்பு பிள்ளையின் ரத்தத்தைக் கெடுக்கிறது என்றார். என் மனைவி செல்வராணி அழுதுவிட்டாள்.

"நல்லா கொதிக்க வச்சுத்தான குடுத்தேன்? நம்மூர் டாக்டரு அப்படித்தான சொன்னாக?"

கொதிக்கக் கொதிக்க அந்த உப்பு கெட்டிப்படுமாம். எங்கள் ஊருக்கு மேற்கே லோயர் கேம்ப்பில் மலையிறங்கி வரும் தண்ணீரைக் குடித்தவர்கள் நாங்கள். காய்ச்சிவிட்டால் எதுவும் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தோம். அன்று முதல் பாலுக்கு மட்டும் கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கினோம்.

வாடகை வீட்டின் சொந்தக்காரர், ராய் என்ற வெள்ளைக்காரரிடம் போனேன். பட்டியும் அவருடையதுதான். நெஞ்சடைப்பு வந்து பிழைத்தவர். மாட்டுக்கறியைக் குறைக்கச் சொன்ன டாக்டரை மாற்றிவிட்டார். மற்றபடி நல்ல மனிதர். டவுன் குழாயை வீடுவரை இழுத்துத் தரக் கேட்டு கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த ரிப்போர்ட்டை நீட்டினேன். வாங்கவே இல்லை. தோளைத் தட்டினார்.

"புரிகிறது. உங்கள் தெய்வத்தை நாங்கள் தின்கிறோம். வருத்தமாகத்தான் இருக்கும்."

"தெய்வம் இல்லை, தண்ணீர்" என்றேன். சிரித்தார். மூன்று முறை போனேன், மூன்று முறையும் இதே பேச்சு. அலுத்துவிட்டது.

தெய்வம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? உழவுக்கு ஆகாத காளையை விற்கும்போது அப்பா கயிற்றை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொள்வார்; கயிறு போனால் வீட்டு லட்சுமி போய்விடுவாளாம். காளை கம்பம் ஊரைத் தாண்டி, மலையேறி, கேரளத்துக்கு நடக்கும். "அங்கன வண்டி இழுக்கப் போகுதுடா" என்பார். கிழட்டுக் காளையை எவன் வண்டியில் பூட்டுவான் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராய் விருந்துக்குக் கூப்பிட்டார். குழந்தையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள் செல்வராணி. நான் மட்டும் போனேன். தட்டு நிறைய ஸ்டேக், வாட்டிய மாட்டுக்கறி. எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். என்னைச் சாமிக்காகப் பேசுகிறவன் என்று நினைக்கும்வரை இந்த மனிதர் அந்தக் காகிதத்தைப் படிக்கப்போவதில்லை. அறுத்துச் சாப்பிட்டேன், ஒரு துண்டு மிச்சமில்லாமல். ருசியாகத்தான் இருந்தது. ராய் எழுந்துபோய்க் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து, "அதைக் கொடு, பார்ப்போம்" என்றார். இரண்டு முறை வாசித்தார். அடுத்த வாரமே குழாய் வந்தது.

குழாய் திறந்த அன்று குழந்தைக்குப் பால் கரைத்துக் கொடுத்துவிட்டுச் செல்வராணி கேட்டாள்.

"அங்கன மாட்டுக்கறி சாப்பிட்டீகளா?"

"ஆமா."

"பிள்ளைக்காகத்தான?"

"பிள்ளைக்காகத்தான்."

தலையாட்டினாள். எனக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள், ஒரு பிளாஸ்டிக் கப்பில். குடித்து முடித்ததும் அதை மற்ற பாத்திரங்களோடு சேர்க்காமல் ஜன்னலோரம் தனியே வைக்கச் சொன்னாள். ஊர் டீக்கடையில், மாடு தின்கிறவர்கள் என்று காலனி ஆட்களுக்குத் தனி கிளாஸ் வைத்திருப்பார்கள். குடித்தவர்களே அதைக் கழுவி வைக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ நாள் டீ குடித்திருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்டதில்லை. பிள்ளை தேறிவிட்டான். நல்ல தண்ணீர் வருகிறது. அதில் என் கப்பைத் தினமும் நானே கழுவி, ஜன்னலோரம் கவிழ்த்து வைக்கிறேன்.