தவமலர் ரீச்சர் சோதித்த தேநீர்

வவுனியா பஸ்ஸால் இறங்கிய எங்கள் பள்ளிக்கூட அதிபர் நேரே என் வீட்டுக்கு வந்தார். "மாஸ்டர், தவமலர் ரீச்சர் நெளுக்குளத்திலை தமக்கை வீட்டிலை காலமாகிட்டா" என்றார். நெஞ்சடைப்பாம். ஐம்பத்துமூன்று எல்லாம் ஒரு வயதா?

கிளிநொச்சியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர் இரசாயனம் படிப்பித்தார், நான் கணிதம். ஆய்வுகூடம் என்று இருந்தது ஓர் அலுமாரியும் மண்ணெண்ணெய் அடுப்பும்தான். "இல்லாததைக் கதைச்சு என்ன, இருக்கிறதை வைச்சுச் செய்வம்" என்பார். செய்தும் காட்டுவார்.

சமாதானம் வந்த அடுத்த வருடம் எனக்கு நீரிழிவு என்றார்கள். ஆசிரியர் அறையில் தேநீர் போடும் பூமணியக்காவிடம், எனக்குச் சீனி வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். ஆனாலும் கிளினிக்கில் பார்க்கும்போதெல்லாம் சீனி ஏறித்தான் இருந்தது. தனியாகப் போடப் பஞ்சிப்பட்டு, எல்லாருக்கும் சீனி போட்ட கேத்திலிலிருந்தே எனக்கும் ஊற்றுகிறார் என்று சந்தேகப்பட்டேன். என் தேநீரைச் சோதித்துத் தரும்படி ரீச்சரைக் கேட்டேன். நீலநிறப் பெனடிக்ற் கரைசலில் அதை விட்டுச் சூடாக்கினார். பச்சையாக மாறியது. "ஓம், சீனி இருக்கு" என்றார். எனக்கு அது போதும். எல்லாருக்கும் முன்னால் பூமணியக்காவைப் பொய்க்காரி என்றேன். "என்ரை பிள்ளையளாணை போடேல்லை மாஸ்டர்" என்று அவர் அழுதார். புருஷன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். அவரை வேலையால் நிறுத்துவது என்று அன்றே முடிவானது.

மறுநாள் மணியடிக்க முதல் ரீச்சர் ஆசிரியர் அறையில் நின்றார். கையில் இரண்டு சோதனைக்குழாய்கள்.

"இது நான் வீட்டிலை சீனி தொடாமல் ஊத்தின தேத்தண்ணி. இதுவும் பச்சை. தேயிலைக்குள்ளையே கொஞ்சம் குளுக்கோசு இருக்கு, சாயமும் சேந்து நிறத்தை மாத்தும். மற்றது வெறுந்தண்ணியிலை கடைச்சீனி கரைச்சது. பாருங்கோ, நீலம் நீலமாவே நிக்குது. கடைச்சீனியை இந்தச் சோதனை காட்டாது. பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறதை நானே மறந்துபோனன். பிழை என்னிலை."

பிறகு பூமணியக்காவுக்கு முன்னால் போய்க் கைகூப்பினார். ஒரு பட்டதாரி ஆசிரியர் தேநீர் போடுபவரைக் கும்பிட்டதை அதற்குமுன் நான் கண்டதில்லை. அக்காவின் வேலை தப்பியது.

அன்று பின்னேரம் சந்திக் கடையில், வெறுந்தேநீருக்கு நான் பனங்கட்டி கடித்துக்கொண்டிருந்ததை ரீச்சர் கண்டுவிட்டார்.

"என்ன மாஸ்டர் இது?"

"இது கடிக்கிறதுதானே ரீச்சர். தேத்தண்ணிக்குள்ளை போடேல்லையே."

"வயித்துக்குள்ளை போய்க் கலக்காதோ?" என்று சிரித்தார். பிறகு, "பூமணியிட்டை நீங்கள்தான் சொல்லோணும்" என்றார். ஓம் என்றேன். சொல்லவில்லை. அவரும் எவரிடமும் சொல்லவில்லை.

பிழை என்று தெரிந்தபின் ரீச்சர் ஓர் இரவுதான் பொறுத்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ள விரும்புவது அதைத்தான். நான் மூன்று வருடம் பொறுத்துவிட்டேன். இந்த அஞ்சலிக் கூட்டத்தில் கடைசி வாங்கில் இருக்கும் பூமணியக்கா, இன்றைக்கும் எனக்குச் சீனியில்லாமல் ஊற்றித் தருகிறீர்கள். பனங்கட்டி தின்று நீரிழிவு வருத்தத்தைக் கூட்டினது நான்தான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.