எட்டு நாள் தங்கிய மாதா

சாட்சி சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. துப்பறியும் கதைகள் வாசித்து வளர்ந்தவன் நான். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைப் பற்றி யாராவது பேசத் தொடங்கினால், இவருக்கு இதில் என்ன இலாபம் என்றுதான் முதலில் யோசிப்பேன். இப்போது பேசுவது நானே. நீங்களும் அப்படி யோசிக்கலாம். கோபிக்க மாட்டேன்.

சென்ற வருடம் மார்ச்சில் என் மனைவி ஜெசிந்தா புற்றுநோயில் போனாள். ஜூலையில் மன்னாரில் என் ஒரே அண்ணன் போனார். அவருடைய அடக்கத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது படம் அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் பாதி வழியில் தொங்குகிறார். நான் கடல் தாண்டி இங்கே டூங்கபி வீட்டுக் குசினிக் கதிரையில் இருந்து திரையைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். மகளுக்கு மெல்பேர்னில் வேலை. மூன்று அறை வீட்டில் நான் மட்டும்.

பூசைக்குப் போவதை நிறுத்தினேன். கோபம் என்று சொல்ல முடியாது. கோபிக்க எதிரில் ஒருவர் இருக்க வேண்டுமே. ஒருவருமே இல்லையோ என்ற பயம்தான். அப்படியானால் ஜெசிந்தா எங்கே போனாள்? இந்தக் கேள்வியோடு சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், வந்தேன்.

ஒரு காலை சப்பாத்து மாட்டும்போது வாய்விட்டுச் சொன்னேன்: "நீர் இருந்தால் இந்த வீட்டில் ஒரு நாள் வந்து இரும். ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இரும்." அதைச் செபம் என்று சொல்ல எனக்கு வெட்கம். மிரட்டல் கடிதத்தின் தொனிதான் அதில் இருந்தது.

ஒக்ரோபர் செபமாலை மாதம். எங்கள் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளுக்கு மாதா சுருவம், சின்னச் சிலை ஒன்று, சுற்றி வரும். ஒரு மாலைக்கு ஒரு வீடு. எல்லோரும் கூடிச் செபமாலை சொல்வார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள். சுருவம் அன்றிரவு அங்கே தங்கி, மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போகும். இதெல்லாம் ஜெசிந்தாவின் பொறுப்பு. அந்த நேரம் நான் எப்போதும் வேலையில் இருப்பேன். இல்லாவிட்டாலும் இருப்பதாகச் சொல்வேன்.

ஒரு செவ்வாய் மாலை மணி அடித்தது. கதவைத் திறந்தால், பட்டியல் போடுகிற றெஜினா அன்ரி. கையில் மாதா. பின்னால் இருபது பேர்.

"அன்ரி, நான் பேர் குடுக்கேல்லையே."

"முந்தின வருசத்துப் பட்டியலைத்தான் தம்பி அப்பிடியே எடுத்தது. ஜெசிந்தாவின்ர பேரை வெட்ட எனக்குக் கை வரேல்லை. வழியை விடும், மாதா பாரம்."

நான் நம்பவில்லை. தேத்தண்ணியைக்கூடப் பிளாஸ்கில் கொண்டு வந்திருந்தார்கள். திட்டமில்லாமல் யாராவது பிளாஸ்க் தூக்குவார்களா? என்னைக் கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுவர ஒரு குழுவே வேலை செய்கிறது என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் சுருவத்தை எடுக்க ஒருவரும் வரவில்லை. வியாழனும் வரவில்லை. ஜெசிந்தாவின் தொலைபேசியை எடுத்து அவர்களுடைய வட்ஸ்அப் குழுவைப் பார்த்தேன். கட்லட்டுக்கு மீனா இறைச்சியா என்று நாள் முழுக்க வாதாடுகிற குழு, மூச்சுக் காட்டவில்லை. என் சந்தேகம் உறுதியானது. மகளை அழைத்தேன்.

"நீயும் றெஜினா அன்ரியும் சேர்ந்து செய்த வேலையோ இது?"

"வாட் வேலை, அப்பா? ஆர் யூ ஈட்டிங் புரொப்பர்லி?"

கேள்விக்குப் பதில் கேள்வி. குற்றவாளிகள் அப்படித்தான் தப்புவார்கள். சுருவத்தைத் தூக்கி, அடியில் ஒலிவாங்கி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். மாதா மன்னிக்க வேண்டும்.

ஞாயிறு மாலை. வீட்டுக்கு வந்த மாதாவை முன்னறையில் வைத்துவிட்டு நான் குசினிக்குள் சாப்பிடுவது மரியாதையாகப் படவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். சாப்பிட்டு முடித்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. செபமாலையை எடுத்தேன். ஞாயிறுக்கு உரியவை அல்ல என்றாலும் துக்க தேவ இரகசியங்கள்தான் நினைவுக்கு வந்தன; அவற்றின் வரிசையும் பாதியில் குழம்பிவிட்டது. குழப்பத்தோடேயே சொல்லி முடித்தேன். கடைசியில் அந்த வீட்டு இறந்தோருக்கான மன்றாட்டு வரும். பெயர் சொல்ல வேண்டும். ஜெசிந்தா என்றேன். மார்ச்சுக்குப் பிறகு அந்தப் பெயரை நான் ஒருவருக்கும் முன்னால் சொல்லவில்லை. ஒருவரும் இல்லாத அறையிலும் சொல்லவில்லை. அண்ணன் பெயர் வரைக்கும் போகவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அழுது ஓய்ந்தபோது அந்த அறை வெறுமையாக இல்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. குரல் கேட்கவில்லை, வாசனை வரவில்லை, வெளிச்சம் தெரியவில்லை. சுருவம் சுருவமாகவே இருந்தது. ஆனால் ஒருவர் இருந்தார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, சும்மா இருந்தார். எனக்குச் சீனி வருத்தம் உண்டு; உடனே எழுந்து போய் இரத்தத்தில் சீனியைச் சோதித்தேன். ஆறு தசம் இரண்டு, சரியான அளவு. மயக்கம் என்று தட்டிக்கழிக்க வழியில்லை. திங்களும் செவ்வாயும் அவர் இருந்தார்.

புதன் மாலை, பட்டியலில் எனக்கு அடுத்ததாக இருந்த பென்டில் ஹில் மரியதாஸ் அண்ணையை அழைத்தேன்.

"ஏன் அண்ணை, மாதாவை எடுக்க வரேல்லை?"

"நீரெல்லோ கொண்டு வரவேணும் தம்பி. குடுக்கிற வீடுதான் கொண்டு போறது. ஜெசிந்தா சொல்லேல்லையோ?"

"அப்ப ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாமே."

"எப்பிடித் தம்பி கேக்கிறது? எங்கட வீட்டில ஆறு பேர் இருக்கிறம். உம்மோட ஒருத்தரும் இல்லை. இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

அவருக்கு அடுத்த வீடுகளையும் விசாரித்தேன். விசாரணை என் பலவீனம். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்களுடைய நாள் தவறிப் போயிருந்தது. மாதா எங்கே நிற்கிறார் என்று தெரிந்தும் ஒவ்வொரு வீடும் கேட்காமல் விட்டிருந்தது. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவும் இல்லை. றெஜினா அன்ரிகூட, மற்றவர்கள் கேட்டால் பார்ப்போம் என்று பேசாமல் இருந்திருக்கிறார்.

ஆகவே என் சந்தேகம் சரி. சதி நடந்திருக்கிறது. ஆனால் செய்தவர்கள் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்த சதி. நான் வாசித்த எந்தக் கதையிலும் அப்படியொன்று கிடையாது. பின்னால் இருந்து ஒழுங்குபடுத்தியவர் யார் என்று தேடினால், எனக்கு ஒருவர் பெயர்தான் கிடைக்கிறது. நான் ஒரு நாள்தான் கேட்டிருந்தேன். எட்டு நாள் தந்தார். ஒன்பது என்றால் ஒன்பது நாள் செபமான நவநாள் என்று எழுதி அழகாக முடித்திருக்கலாம். உண்மை எட்டுத்தான்.

அன்றே மாதாவைக் காரின் முன் இருக்கையில் வைத்து, இருக்கைப் பட்டி போட்டு, பென்டில் ஹில்லுக்குக் கொண்டுபோனேன். ஞாயிறு பூசைக்கு இப்போது போகிறேன், கடைசி வரிசை வாங்கில் இருக்கிறேன். ஜெசிந்தா திரும்பி வரவில்லை. துக்கமும் போகவில்லை. ஆனால் அவள் ஒருவரிடம் போயிருக்கிறாள் என்று நம்புகிறேன். அவரை எனக்குக் கொஞ்சம் தெரியும்.

வெறுமையான வீட்டில் இருக்கிறவர்களே, அவரைக் கூப்பிடுங்கள். மரியாதையாகக் கூப்பிட வராவிட்டாலும் பரவாயில்லை, நானும் அப்படித்தான். இந்த ஒக்ரோபரில் இரண்டாம் செவ்வாய் என் வீட்டில் செபமாலை, ஆறரைக்கு. பெயரை நானே கொடுத்திருக்கிறேன். தேத்தண்ணியோடு கடிக்க ரோல்ஸும் இருக்கும். நானே செய்தது என்று சொன்னால் நம்பாதீர்கள். மற்றதையெல்லாம் நம்பலாம்.