டோக்கனுக்கு வைத்த பொட்டு

வங்கியில் கொடுத்த அந்தக் குட்டி மெஷினுக்கு டோக்கன் என்று பெயர். சாவிக்கொத்தில் மாட்டும் அளவுதான். பொத்தானை அழுத்தினால் ஆறு இலக்கத்தில் ஓர் எண் வரும்; அது மறைவதற்குள் கம்ப்யூட்டரில் அடித்தால்தான் கணக்கு திறக்கும். என் வீட்டுக்காரர் இருந்தவரை இதெல்லாம் அவர் பாடு. அவர் போய், கணக்கு என் பெயருக்கு மாறிய வாரம், மண்ணரை ஊரில் இருக்கிற எங்கள் பனியன் கம்பெனி ஆபீசில் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று முறை தப்பாக அடித்தால் லாக் ஆகிவிடும், திறக்க ஒரு வாரம்கூட ஆகலாம் என்று வங்கியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மறுநாள் சனிக்கிழமை, வாரச் சம்பளம். ஒரு சனிக்கிழமை தவறினால் போதும், திங்கட்கிழமை பாதி டைலர்கள் பக்கத்துக் கம்பெனியில் தைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

புது ஓவர்லாக் தையல் மெஷினோ, ஆபீஸ் ஃபேனோ, சந்தனம் குங்குமம் வைக்காமல் எங்கள் கம்பெனியில் சுவிட்ச் போடுவதில்லை. எப்போதும் நான்தான் வைப்பேன். இந்த முறை தட்டு என் பக்கமே வரவில்லை. கொழுந்தனார்தான் டோக்கனுக்குப் பொட்டு வைத்தார். இத்தனூண்டு பொருளுக்கு அத்தனை பெரிய பொட்டு! எண் தெரிகிற கண்ணாடியின் ஓரத்திலும் அப்பிவிட்டது.

முதல் முறை அழுத்தினேன். கடைசி எண் பொட்டுக்கடியில் பாதி மறைந்திருந்தது. ஆறா, எட்டா? ஆறு என்று அடித்தேன். தப்பு. இரண்டாவது முறை ஒன்றா ஏழா என்று குழம்பி அடித்தேன். அதுவும் தப்பு. இன்னும் ஒரே ஒரு முறைதான். பொட்டைத் துடைத்தால் தெரியும். ஆனால் மங்கலமாக வைத்ததை, அதுவும் நான், எப்படித் துடைப்பது? கை வரவில்லை.

"உங்களுக்கு எதுக்குங்க அண்ணி இந்தத் தலவலி? எங்கிட்டக் குடுத்துருங்க, நான் பாத்துக்கறேன்" என்று கொழுந்தனார் கையை நீட்டினார்.

நல்ல மனிதர்தான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இன்றைக்கு டோக்கன் போனால் நாளைக்குக் கையெழுத்து போகும், அப்புறம் இந்த நாற்காலி. பிறகு அவர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மேஜைக்கடியில், மெஷின் துடைக்க வைத்திருக்கும் பனியன் வேஸ்ட் துணி கிடந்தது. ஒரு துண்டை எடுத்தேன்.

"அண்ணி, பொட்டுங்க!" என்றார் பதறிப்போய்.

"தெரியுமுங்க."

காரியத்தன்று என் நெற்றிப் பொட்டை அழித்தபோது யாரும் என்னைக் கேட்கவில்லை. இதை நானே அழித்தேன்.

பொத்தானை அழுத்தினேன். ஆறு எண்களும் பளிச்சென்று தெரிந்தன. ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி அடித்தேன். கணக்கு திறந்தது. கொழுந்தனார் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

டோக்கனை இடுப்பில் செருகிக்கொண்டு, சம்பளச் சீட்டை எடுத்து வரச் சொன்னேன்.