குடிக்காத மருந்து

என் கணவர் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். உரசினால் பொறி கிளம்பும் என்று நைலக்ஸ் சேலை கட்டி வரும் பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். புதிதாக வாங்கிய செல்போனைக் காட்டும் ஆசையில் யாராவது கொண்டுவந்தால் பிடுங்கி வைத்துக்கொள்வார். அவர் பார்க்கும் ஷெட்டுகளில் ஒரு விபத்துகூட நடந்ததில்லை என்று ஆயுதபூஜை அன்று முதலாளியே எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்தப் பெருமையோடுதான் சாப்பிடுவார், தூங்குவார்.

தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டிக் கிடந்தது. வெம்பக்கோட்டைப் பக்கம் எங்களுக்கிருந்த மானாவாரிப் பருத்திக்கு மருந்தடிக்கப் போனோம். சட்டையைக் கழற்றிவிட்டு, வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பூச்சிமருந்தைக் கலக்கினார்.

"குச்சிய வச்சுக் கலக்குனா என்ன?" என்றேன்.

"வெடிமருந்தையே கையால அள்ளுறவன் நான். இது என்னைய என்ன செஞ்சிரும்?"

எதிர்காற்றிலேயே நாலு டேங்க் அடித்தார். கம்பெனியில், தூசி வயிற்றில் தங்காது என்று வேலை முடிந்ததும் வாழைப்பழம் தின்பார்கள். அதே நம்பிக்கையில் கையைக்கூடக் கழுவாமல் இரண்டு பழத்தை உரித்துத் தின்றார்.

வரப்பைத் தாண்டுவதற்குள் வாந்தி. வேர்த்துக் கொட்டியது, வாயில் எச்சில் வழிந்தது. சிவகாசி போய்ச் சேரும்வரை ஆட்டோவில் அவர் தலை என் மடியில் கிடந்தது. போய்விடுவார் என்றே நினைத்து அழுதேன்.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பூச்சிமருந்து வாடையோடு ஓர் ஆளைத் தூக்கி வந்தால், குடித்துவிட்டான் என்றுதான் அர்த்தம். மாமியார் மாரில் அடித்துக்கொண்டே வந்தார்.

"எம்மவன என்ன சொல்லி வைஞ்ச? மருந்தக் குடிக்கிற அளவுக்கு அவன என்ன செஞ்ச?"

குடிக்க வேண்டியதில்லை, தோல் வழியாகவும் உடம்பில் ஏறும் என்றார் டாக்டர்.

"தோலு எங்கனயாச்சும் குடிக்குமா?" என்று மாமியார் அவரையும் ஒரு பிடி பிடித்தார்.

இவர் வாய் திறந்து சொன்னால்தான் என் மானம் தப்பும். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூட இறங்காமல் கட்டிலடியில் கிடந்தேன்.

மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். எனக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி ஆப்பிள் பையோடு வந்தார்.

"என்னய்யா ஆச்சு?"

இவர் முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

"வீட்டுல சின்னச் சண்டைங்க, மொதலாளி."

விபத்தே நடக்காத போர்மேன், வாளிக்குள் கையை விட்டேன் என்று எப்படிச் சொல்வார்? எங்களுக்குள் சண்டையே இல்லை என்று மூன்று நாளாக எல்லோரிடமும் சத்தியம் செய்துகொண்டிருந்தவள் நான். அன்றைக்குப் போட்டேன் ஒரு சண்டை. அந்த வார்டில் படுத்திருந்த அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.