மாமா இளைத்த வருஷம்

அன்று ரயில் நிலையத்து எடை மிஷின் முன்னால் இருந்தவர்கள். மாமா. நான். சும்மா வேடிக்கை பார்த்த ஒரு சிவப்புச் சட்டை போர்ட்டர். சேலம் போகிற வண்டிக்காக மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா. அவ்வளவுதான். அக்கா வரவில்லை. அக்கா மகளும் வரவில்லை. மாமா கூப்பிட்டிருந்தார்.

அந்த மிஷினைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கலர் கலராக பல்பு எரியும். நடுவில் ஒரு சக்கரம் சுற்றும். அது நின்ற பிறகுதான் காசு போட வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் காசு போச்சு. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். சட்டைப் பையிலிருந்து சீப்பையும் சாவியையும் எடுத்து என் கையில் கொடுத்தார். சக்கரம் நின்றது. காசைப் போட்டார். டக்கென்று அட்டை விழுந்தது. ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம். ஜோசியத்தை அவர் என்றைக்கும் பார்த்தது இல்லை. எடையைப் பார்த்தார். “ஆச்சு” என்றார். அட்டையை என்னிடம் நீட்டி, “வச்சுக்கடா மச்சான். வீட்ல இருந்தா உங்கக்கா அடுப்புல போட்டுருவா” என்றார்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். ஒக்கலிபுரத்தில் இரண்டு தெரு தள்ளி இருந்தோம். நான் எட்டாவதோடு நிறுத்திவிட்டு, பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மிஷின் ஓட்டினேன். எங்களை ஏற்றிப் போகிற கம்பெனி பஸ்ஸை ஓட்டியவர் மாமா. விடியும்போது எங்களை ஏற்றிக்கொண்டு ஓசூர் ரோட்டில் போவார். எங்களை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை அவருக்கு வேலை இல்லை. உட்கார்ந்திருப்பதுதான் வேலை. டிரைவர்கள் எல்லாம் பஸ் நிழலில் சீட்டு ஆடுவார்கள். டீ வரும். போண்டா வரும். சம்பள நாளில் அத்திபெலே போய் பரோட்டா. மாமாவுக்கு நாக்கு கொஞ்சம் பெரிசு. நூற்றுப் பதினாறு கிலோ இருந்தார். சீட்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் வயிறு மாட்டிக்கொள்ளும். “குரு, கைய எடுத்துடு, ஹொட்டே திருப்பிக்கும்” என்று பின்னால் இருந்து ஒரு கன்னடக்காரர் கத்துவார். ஹொட்டே என்றால் வயிறு. பஸ்ஸே சிரிக்கும். மாமாவும் சிரிப்பார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. யாருக்கும் அவரைப் பிடிக்காமல் இருந்தது இல்லை.

ஹெவி லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்து வேண்டும். அதற்குப் போனபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. நானும் கூடப் போயிருந்தேன். டாக்டரம்மா பிரஷரைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். “எத்தனை பேர் ஏறுவாங்க உங்க வண்டியில?” என்று கேட்டார். ஐம்பது பேர் என்றார் மாமா. “அம்பது வீடு உங்க முதுகுக்குப் பின்னால உக்காந்திருக்கு. வண்டி ஓடும்போது உங்களுக்கு நெஞ்சு வலி வந்தா?” மாமா சட்டைக் கையை இறக்கிவிட்டார். “இந்த வாட்டி கையெழுத்துப் போடறேன். அடுத்த வாட்டி எண்பதுக்குக் கீழ வராம என்கிட்ட வராதீங்க.” மாமா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வழியில் டீக்கடையில் நின்றோம். “எனக்கு சர்க்கரை போடாத” என்றார். டீக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். முதல் நாள் அதுதான்.

மருந்து எதுவும் இல்லை. மாயமும் இல்லை. ஒவ்வொன்றாக மாற்றினார். மதியத்துக்கு களியும் கீரையும் தூக்கில் கொண்டுவந்தார். சோறு ஒரு வேளை. போண்டா இல்லை, பரோட்டா இல்லை. சீட்டாட்டத்தை விட்டார். அந்த நேரத்தில் கம்பெனிகளுக்கு நடுவே இருக்கிற சந்துகளில் நடந்தார். காக்கி பேன்ட்டை மடித்துவிட்டு, தோளில் துண்டோடு, வெயிலில் ஒரு ஆள் தனியாகப் போவார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று கேட் வாட்ச்மேன்கள் முதலில் நினைத்தார்கள். நாய்கள் குரைத்தன. பிறகு அதுகளும் கூட நடந்தன. ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன் வரை நடந்து போய் எடை பார்ப்பார். சில வாரம் குறைந்திருக்கும். சில வாரம் ஏறியிருக்கும். ஏறினாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. மறு வாரம் போவார்.

வீட்டில்தான் சண்டை. அக்கா கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த அன்பு ஒன்றுதான், இலையில் இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை கேட்காமல் போடுவது. எங்கள் வீடுகளில் போதும் என்று சொன்னால் ஒரு கரண்டி கூடப் போடுவார்கள். மாமா தட்டு மேல் கையை வைத்து மூடினார். அக்கா அந்தக் கை மேலேயே ஒரு நாள் குழம்பை ஊற்றினாள். “என் கை சோறு கசந்து போச்சா உங்களுக்கு? ஊர்ல இல்லாத டாக்டரு!” மாமா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். “குழம்பு நல்லாத்தான் கீது. நக்கிப் பாத்தேன்” என்றார். அக்கா சிரித்துவிட்டாள். மறு நாள் திரும்பவும் அதே சண்டை.

ஒன்றரை வருஷம் ஆனது. காக்கி யூனிஃபார்மை இரண்டு தடவை பிடித்துத் தைத்தார். டைலர், “எந்த ஆஸ்பத்திரி டிரைவரே?” என்று கேட்டார். மாமாவுக்கு அப்போதுதான் முதல் தடவையாகக் கோபம் வந்தது என்று நினைக்கிறேன். துணியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். முகம் ஒட்டிப் போயிருந்தது. கழுத்துத் தோல் தொங்கியது. ஆனால் படிக்கட்டை மூச்சு வாங்காமல் ஏறினார். பஸ்ஸில் குதித்து ஏறினார். பிரஷர் அடங்கிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். அதை யாரிடம் சொல்வது? பஸ்ஸில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. “ஏன் குரு, உஷார் இல்வா?” என்றுதான் கேட்டார்கள். உடம்பு சரியில்லையா என்று. “எடை கொறச்சேன்” என்பார். “அதான், எதனால?” என்பார்கள்.

எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இதுதான். அந்த நாளில் எங்கே பார்த்தாலும் சுவரில் எய்ட்ஸ் நோயைப் பற்றி சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு லாரி படம். டிரைவர் என்றால் அந்த நோய், இளைத்தால் அந்த நோய். மாமா டிரைவர். மாமா இளைத்தார். கணக்கைக் கூட்ட யாருக்கும் படிப்பு தேவைப்படவில்லை. லாரி எது, கம்பெனி பஸ் எது என்றுகூட யோசிக்கவில்லை. ராத்திரி அவர் வீட்டில்தான் படுத்தார் என்பது தெருவுக்கே தெரியும். பஸ்ஸில் அவருக்கு நேர் பின்னால் இருக்கிற சீட் காலியாகப் போக ஆரம்பித்தது. டீக்கடையில் அவருக்கு என்று ஒரு கிளாஸ், ஓரத்தில் ஆணியில் தனியாகத் தொங்கியது. மாமா அதைப் பார்த்தார். அவரே போய் எடுத்து, அதிலேயே குடித்து, அவரே கழுவி மாட்டினார். நான் டீக்காரரின் சட்டையைப் பிடிக்கப் போனேன். “விட்ரா மச்சான். டீ அதே டீதான்” என்றார்.

அட்டையை என்னிடம் கொடுத்தது அந்தச் சமயத்தில்தான். அடுத்த மாதம் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். ஓசூர் பக்கம், பையன் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. நல்ல பையன். அவளுக்குப் பிடித்திருந்தது. முன்னாடியே ஒரு தடவை பார்த்திருக்கிறாள் போலும். அக்கா பயந்துவிட்டாள். கார்த்திகைக் குளிரைச் சாக்காக வைத்து மாமாவுக்கு உள்ளே ஒரு ஸ்வெட்டர், மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜெர்கின் போட்டுவிட்டாள். ஆள் கொஞ்சம் பருமனாகத் தெரிவார் என்று. மாமா குழந்தை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். சின்ன அறை. ஜனங்கள் நிறைய. மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியது. நெற்றியிலிருந்து சொட்டியது.

பையனுடைய அப்பா காபியை வைத்துவிட்டு, “இன்னா சம்மந்தி, இத்தினி சொட்டரு? ஜொரமா?” என்றார்.

“இல்லீங்க. குளிரு.”

“குளிருக்கு வேர்க்குமா?”

மாமா ஜெர்கினைக் கழற்றினார். ஸ்வெட்டர் இரண்டையும் கழற்றினார். அக்கா கதவுக்குப் பின்னால் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “ஒண்ணும் இல்லீங்க. குண்டா இருந்தேன். டாக்டர் சொன்னாங்க, கொறச்சேன். சாப்பாட்ட மாத்தினேன், நடந்தேன்” என்றார் மாமா.

அந்த ஆள் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தார். “யாரானா வேணும்னே இளைப்பாங்களா?” என்று கேட்டார். வம்புக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

தரகர் மூலம் சேதி வந்தது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வேண்டும் என்று. நான் வேண்டாம் என்றேன். மாமா போய் ரத்தம் கொடுத்தார். ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். தரகர் அதை வாங்கிப் பார்த்து மடித்தார். “ரிப்போர்ட்டு காசு குடுத்தா கெடைக்கும்ங்கறாங்கண்ணே. நான் சொல்லல, அவங்க சொல்றாங்க.” அந்த இடம் போனது. இரண்டாவது இடம் வாசல்வரைகூட வரவில்லை. தெரு முனைக் கடையில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டார்கள். சொன்னால் கேட்பதில்லை. காட்டினால் நம்புவதில்லை. குடித்துக் குடித்து வீங்கியவனுக்குப் பெண் கொடுக்கிறார்கள், எடுக்கிறார்கள். ஒழுங்காக நடந்து, ஒழுங்காகச் சாப்பிட்டு இளைத்தவன் வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறார்கள்.

அக்கா ஒரு வாரம் அழுதாள். “உங்க ஒடம்பு உங்களுக்கு. என் பொண்ணு இன்னா பாவம் பண்ணா?” மகள்தான், “அப்பா, நீங்க நடங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல” என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போனாள். உள்ளே போய் என்ன செய்தாள் என்று எங்கள் எல்லாருக்கும் கேட்டது. ஒரு அறையும் சமையல்கட்டும்தான் வீடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது மாமா ஸ்டேஷனுக்குக் கிளம்பவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டு. அக்கா ஆறு இட்லி வைத்தாள். சாப்பிட்டார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து, “போடு” என்றார். அக்கா போட்டாள். அவர் கையை வைத்து மூடவில்லை. இன்னும் போட்டாள். அக்கா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவளைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. “மாமா, வேணாம்” என்றேன். “டாக்டரம்மாவுக்கு இன்னும் டைம் இருக்குடா. நம்ம பொண்ணுக்கு இல்ல” என்றார்.

இறங்கப் பட்ட பாட்டில் கால்வாசிகூட ஏறுவதற்குப் படவில்லை. சித்திரைக்குள் கன்னம் வந்துவிட்டது. ஆடிக்குள் வயிறு வந்தது. டீக்கடை ஆணியில் தொங்கிய கிளாஸ் மற்ற கிளாஸ்களோடு சேர்ந்துவிட்டது. அவருக்கு நேர் பின்னால் இருந்த சீட்டில் ஆள் உட்கார்ந்தார்கள். “குரு, இப்பதான் நம்ம குரு மாதிரி இருக்கே” என்றார் அந்தக் கன்னடக்காரர். மூன்றாவதாக ஒரு இடம் வந்தது. “சம்மந்தி என்னமா கம்பீரமா இருக்காரு” என்று மாப்பிள்ளையின் அம்மா வாய்விட்டுச் சொன்னார். தை மாதம் கல்யாணம் நடந்தது. மாமா கோட்டு போட்டு நின்றார். எல்லாரும் கட்டிப் பிடித்தார்கள்.

கல்யாணம் முடிந்து திரும்ப நடக்கப் பார்த்தார். முட்டி விடவில்லை. ஒரு சந்து போய் உட்கார்ந்துவிடுவார். லைசென்ஸ் நாள் வந்தது. டாக்டரம்மா பிரஷரைப் பார்த்துவிட்டு, பேனாவைத் திறக்கவே இல்லை. மாமாவும் கதை சொல்லவில்லை. கம்பெனியில் கேட்டில் உட்கார வைத்தார்கள். வேறு ஒருவன் ஓட்டிய பஸ்ஸில் எங்களோடு பின்னால் உட்கார்ந்து வந்தார். இரண்டாம் வருஷம், கேட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நெஞ்சு. டாக்டரம்மா சொன்ன அதே நெஞ்சு. ஒரு விதத்தில் சரி, பின்னால் யாரும் இல்லை.

இப்போது பொம்மசந்திராவிலேயே ஜிம் வந்துவிட்டது. வாசலில் ஒரே ஆளுடைய இரண்டு படம் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் குண்டு, ஒன்றில் ஒல்லி. காசு கட்டி வருகிறார்கள். போன மாதம் எங்கள் செக்‌ஷன் சூப்பர்வைசர் இளைத்து வந்தார். எல்லாரும் கை கொடுத்தார்கள். கேன்டீனில் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. நல்ல பிள்ளை, அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அந்தத் துண்டை மட்டும் வாயில் வைக்க முடியவில்லை.

அக்கா வீட்டுச் சுவரில் மாமா கோட்டு போட்ட படம் இருக்கிறது. கல்யாணத்தில் எடுத்தது. கன்னம் உப்பி, பொட்டு வைத்து. இளைத்திருந்த நாளில் எடுத்தது ஒன்றும் இல்லை. அந்தக் கோலத்தில் வேண்டாம் என்று அக்கா எடுக்க விடவில்லை. பேரனுக்கு அவன் தாத்தா அந்தக் கோட்டு ஆள்தான்.

என் பர்ஸில் அட்டை இருக்கிறது. ஓரம் பிய்ந்து, ஜோசியப் பக்கம் முழுக்க அழிந்துவிட்டது. எடைப் பக்கம் தெரிகிறது.

எழுபத்தொன்பது கிலோ.